நாலரை இஞ்சுச் சுவருக்கு அந்தப் பக்கம்

நாங்கள் அரை வீடு வாங்கினோம் என்று சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். "ட்வின் வில்லா" என்று சொல்ல வேண்டுமாம். விளம்பரத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். பசுமலைக்குப் பின்புறம் புதிதாகப் பிரித்த மனைகளில், ஒரு மாடி வீட்டை நட்டநடுவில் சுவர் வைத்துப் பிரித்து, வடக்குப் பாதியை எங்களுக்கும் தெற்குப் பாதியை இன்னொருவருக்கும் விற்றிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பாதி என்பது முழுசைவிடக் குறைவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். அந்தப் பாடம் எனக்கே விளங்க எட்டு வருடம் ஆனது.

முதல் சங்கடம் வெளிப்பூச்சு. நாங்கள் சந்தன நிறம் அடித்தோம். ஒரு மாதம் கழித்துப் பக்கத்துப் பாதிக்காரர் கிளிப்பச்சை அடித்தார். தெருமுனையில் நின்று பார்த்தால் பாதி மட்டும் பழுத்த மாங்காய்போல் இருந்தது. நாங்கள் எத்தனை நிறம் மாற்றினாலும் அவர் பச்சையை விடவில்லை. ஆட்டோக்காரர்கள் "பழுத்த பக்கமா, காய்ப் பக்கமா?" என்று கேட்டுத்தான் இறக்கிவிடுவார்கள்.

அடுத்தது வாஸ்து. கண்ணாடியில் பார்த்ததுபோல் இரண்டு பாதியும் எதிரும் புதிருமாகக் கட்டப்பட்டவை. அவர்களுடைய அடுப்பு சரியாக அக்கினி மூலையில் அமைந்துவிட்டது. அதே காரணத்தால் எங்கள் அடுப்பு ஈசானிய மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த அவர்களுடைய சொந்தக்காரர்கள் எங்கள் சமையலறையையும் எட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், இதையெல்லாம் பார்ப்பதில்லை என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன்.

"நீங்க பாக்கலேன்னாலும் அது ஒங்களப் பாக்கும்ல, சார்" என்றார் அவர்.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. உண்மையான சங்கடம் அந்த நடுச்சுவர். ஒன்பது இஞ்சுச் சுவர் என்று சத்தியம் செய்து விற்றார்கள். ஒருநாள் கடிகாரம் மாட்ட ஆணி அடிக்க வந்த கொத்தனார் காதை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலரைதான் சார். பாத்து மெதுவா அடிக்கணும், இல்லேன்னா ஆணி அங்கிட்டு எந்திரிச்சு வந்துரும்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "ஆமாமா, பாத்து அடிங்க, இங்கன கருப்பசாமி படம் இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அண்ணனோடு நாங்கள் சுவர் வழியாகப் பழகியது அப்படித்தான்.

அண்ணன் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். காளவாசலில் மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை வைத்திருக்கிறார். தோட்டத்தில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிட்டுப் பேசி வளர்ந்த தொண்டை. மனைவியிடம் உப்பு கேட்டால்கூட எங்கள் வீட்டில் நான் உப்பை எடுத்துவிடுவேன். மதினி அவருக்கு இளைத்தவர் இல்லை. ஒரே மகள், பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அந்தக் குரல் மட்டும் கொஞ்சம் மெது. அதனால் அவள் பேசும்போது எங்கள் வீட்டில் மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும்.

குக்கர் விசிலில்தான் அதிகம் அடிபட்டேன். "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு மனைவி குளிக்கப் போவாள். நான் மூன்று எண்ணி அணைப்பேன். திறந்தால் பருப்பு பாசிமணிபோல் உருளும். இரண்டு விசில் அண்ணன் வீட்டினுடையது. கணக்கு வாத்தியாருக்கு மூன்றுவரை எண்ணத் தெரியவில்லை என்ற பெயர் மாமியார் வீடுவரை போய்விட்டது. அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் விசிலைச் சேர்த்து எண்ணி மதினி இறக்கிய ஆட்டுக்கறியை அண்ணன் கடித்துவிட்டுப் போட்ட சத்தத்தை நாங்கள் கேட்டோம்.

இப்படி எல்லாமே கேட்டதால், நாளடைவில் ஒரு சட்டம் தானாக உருவானது. சுவர் வழியாக வந்த சேதி, சேதி ஆகாது. வாசலுக்கு வந்து, நேரில் நின்று சொன்னால்தான் அது தெரிந்தது என்று கணக்கு. அதுவரை தெரியாததுபோல் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் புது வாஷிங் மெஷின் வந்து ஒரு வாரமாக எங்கள் கட்டிலையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. மதினி வாசலில் வந்து சொன்னபோது என் மனைவி கன்னத்தில் கைவைத்து, "அப்படியா! எப்பக்கா?" என்று கேட்டாள். எனக்கு அந்தத் திறமை கிடையாது. நான் "துணி காயப்போடுற சுத்துல மட்டும் கொஞ்சம் ஆடுதுபோல" என்று சொல்லி, வீட்டுக்குள் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும், நேரில் சொன்னால் மனத்தாங்கல் வரும். உதாரணமாக, மாடித் தொட்டி நிறைந்து வழிந்தும் அண்ணன் வீட்டில் மோட்டாரை நிறுத்தமாட்டார்கள். மோட்டார்க் கடைக்காரரிடம் போய் மோட்டாரைப் பற்றிச் சொல்வதா? அதற்கு வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. தினமும் இரவு எட்டு மணிக்கு நாங்கள் குடும்ப ஜெபம் செய்வோம். நடுச்சுவர் ஓரமாகத்தான் பாய். ஒருநாள் அவள் முறை வந்தபோது, "கர்த்தாவே, தண்ணீர் இல்லாமல் தவிக்கிற ஜனங்களை நினைத்தருளும். தண்ணீரை வீணாக்குகிறவர்களுக்கு, அதாவது இப்பொழுது, இந்த நிமிஷத்தில், வீணாக்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நல்ல உணர்வைத் தாரும்" என்றாள். ஆமென் சொல்வதற்குள் மோட்டார் நின்றது.

மறுநாள் காலை அந்தப் பக்கம் பூசை மணி அடித்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கி அண்ணன் வேண்டிக்கொண்டார்: "ஏ கருப்பா! எல்லாரும் நல்லா இருக்கணும். சாரும் நல்லா இருக்கணும். அவரு ஸ்கூட்டர எங்க வாசல மறிச்சு நிப்பாட்டுறாரு, அவருக்கு நீதான்ப்பா எடுத்துச் சொல்லணும்!" நான் லுங்கியோடு போய் ஸ்கூட்டரை நகர்த்தினேன்.

அன்று தொடங்கி எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. இரண்டு தெய்வங்களும் எங்களுக்காகத் தபால் சுமந்தார்கள். கருவேப்பிலைக் கிளையை வெட்டியது, பத்திரிகையை மாற்றிப் போட்டது, அதிகாலையில் நான் கீர்த்தனை பாடுவது எல்லாம் அந்த வழியாகவே பேசித் தீர்ந்தன. கீர்த்தனை விஷயத்தில் மட்டும் கருப்பசாமியிடம் மூன்று முறை மனுப் போனது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் அந்த வரன் வந்தது. அண்ணன் மகளுக்கு அதற்கு முன் இரண்டு வரன் கைகூடிவந்து கடைசியில் தட்டிப்போயிருந்தன. அண்ணன் அதில் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். நேரில் சொன்னதில்லை, அதனால் தெரியாது. மூன்றாவதாக வந்தவர் தேனிப் பக்கத்து மாப்பிள்ளை. அரசாங்க வேலை. நல்ல குடும்பம். அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சிக்கல் போட்டோவில் வந்தது.

"அப்பா, எல்லாப் போட்டோலயும் தொப்பி போட்டிருக்காரு. எதுக்குத் தொப்பின்னு கேளுங்க" என்று மகள் சொன்னது கேட்டது. நான் மின்விசிறியை நிறுத்தினேன்.

"கொடைக்கானல்ல எடுத்ததுத்தா. குளிருக்குப் போட்டிருப்பாரு."

"இது அவுங்க வீட்டு அடுப்படிப்பா!"

மறுநாள் தொப்பி இல்லாத போட்டோ கேட்டு வாங்கினார்கள். பிறகு மகள் அழுதுகொண்டே, "நம்ம மொட்டமாடி தேவலாம்ப்பா, அங்கயாச்சும் ரெண்டு செடி இருக்கு" என்றாள். "ஒங்கப்பனுக்கு மட்டும் என்ன கொத்துக் கொத்தாவா தொங்குது?" என்று அண்ணன் கத்தினார். "ஏமாத்துறவுங்க தலையப் பாத்தாலே தெரியும்" என்று மதினி எடுத்துக்கொடுத்தார். மூன்று நாள் இதே கச்சேரி. எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு இதாவது அமைய வேண்டுமே என்று என் மனைவி உருகினாள். எனக்கும் ஆசைதான். ஆனால் நேரில் ஒரு வார்த்தை கேட்க முடியுமா? அவர்கள் இன்னும் சொல்லவில்லையே!

சனிக்கிழமை, "நாளைக்குக் காலைல பத்தரைக்கு வாராங்க. பேசாம வந்து நில்லு. பிடிக்கலேன்னா அப்புறம் பாத்துக்கலாம்" என்று அண்ணன் முடிவாகச் சொன்னார். ஞாயிறு காலை நாங்கள் ஆலயத்துக்குப் போய்விட்டோம். பிற்பகலும் அங்கே ஒரு கூட்டம். வீடு திரும்பும்போது மாலை ஆறேகால். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப்போட்டிருந்தார்கள், கார் எதுவும் உள்ளே வர வழியில்லை, வாசலில் எதுவும் நிற்கவும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எட்டு வருடத்தில் அந்த வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை என்றே பொருள். கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று மனைவி முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் ஜெபம் ஆறரை மணிக்கு. எட்டு மணிக்கு டிவியில் பாட்டுப் போட்டி. மண்டியிட்டோம். பக்கத்தில் ஆள் இல்லை என்ற தைரியத்தில் நான் வாயைத் தாராளமாகத் திறந்தேன்.

"அன்பின் பரலோகத் தகப்பனே, பக்கத்து வீட்டு மகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். பெண் பார்க்க வந்த மகனுக்குத் தலையில் முடி இல்லை என்று அந்தப் பிள்ளை மூன்று நாளாக அழுததை நீர் அறிவீர். தொப்பி போட்ட போட்டோவை அனுப்பி ஏமாற்றிவிட்டதாக அவள் தாயார் மனம் நொந்திருப்பதையும் நீர் அறிவீர். முடியைக் கொடுக்கிறவரும் நீரே, எடுத்துக்கொள்கிறவரும் நீரே. அந்த மகனிடம் நல்ல குணம் இருக்குமானால், இந்தக் குறை அவள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாதபடி செய்யும். குணமும் இல்லையென்றால், ஆண்டவரே, முடியும் இல்லாமல் குணமும் இல்லாமல் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இந்தக் காரியத்தை இங்கேயே நிறுத்திப்போடும். ஆமென்."

"ஆமென்" என்றாள் மனைவி.

"ஆமென்" என்றது சுவர்.

அண்ணன் குரல் இல்லை. இளைஞன் ஒருவனுடைய குரல், தெளிவாக, மரியாதையாக. அதைத் தொடர்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து, உருண்டு, எங்கள் இரண்டு பேருடைய உயிரையும் கூடவே உருட்டிக்கொண்டு போய் எங்கேயோ முட்டி நின்றது.

நடந்தது பிறகுதான் தெரியவந்தது. அவர்கள் வந்த கார் காலையில் உசிலம்பட்டி தாண்டிப் பழுதாகிவிட்டது. சரிசெய்து புறப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம், நாலரையிலிருந்து ஆறு. நல்ல காரியத்துக்கு ராகுகாலத்தில் படியேறக் கூடாது என்று காளவாசல் டீக்கடையில் உட்கார்ந்து, ஆறு அடித்த பிறகு வந்திருக்கிறார்கள். ராகுகாலம் என்று ஒன்று இருப்பதே எங்கள் ஞாபகத்தில் இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் அண்ணன் குடும்பமே வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அமைதியில்தான் என் குரல் கணீரென்று போய் இறங்கியிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தோண்டிப்போட்ட மண்மேட்டில் கால் வைத்துத் தாண்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தலையில் தெருவிளக்கு விழுந்தது. பிள்ளை சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. அண்ணன் கேட் அருகில் நின்று கும்பிட்டு அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

இரண்டு வரன் தானாகத் தட்டிப்போனது, மூன்றாவதை நான் தட்டிவிட்டேன். என் நாக்கை நானே நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது. போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

"எதுக்குன்னு கேப்பீங்க? கேட்டதுக்கா, சொன்னதுக்கா?" என்றாள் மனைவி. "அவுங்க நம்மகிட்ட வரன் வந்துச்சுன்னே சொல்லல. நீங்க மன்னிப்புக் கேட்டா, மூணு நாளும் சொவத்துல காத வச்சுக்கிட்டு இருந்தோம்னு ஆயிரும்."

"ஊருக்கே அது தெரிஞ்சுபோச்சே!"

"தெரியட்டும். நாமளா சொல்லக் கூடாது."

சட்டையைக் கழற்றினேன். மறுநாள் காலை பூசை மணி அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் துணியைச் சுற்றி அடித்தார்கள்போல. அந்த வீட்டில் எல்லாரும் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். நாங்களும் கிசுகிசுத்தோம். எட்டு மணி ஜெபத்தை உதடு மட்டும் அசையும்படி சொன்னோம். எவ்வளவு மெதுவாக இருந்தது என்றால், நான் கடைசியில் ஆமென் சொல்லிவிட்டு எழுந்த பிறகும் மனைவி ஐந்து நிமிடம் மண்டியிட்டபடியே இருந்தாள். இரண்டு பாதியும் பரீட்சை நடக்கிற கூடம்போல் ஆகிவிட்டன. விசில் எல்லாம் சரியாக எண்ண முடிந்தது, பருப்பு பஞ்சாக வெந்தது, அதைச் சாப்பிடத்தான் பிடிக்கவில்லை. மதினி வாசலில் கோலம் போடும்போது என் மனைவி போய் நின்றாள். "வாங்க" என்றதோடு சரி, அவர் தலை நிமிரவில்லை. அவள் உள்ளே வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாங்கினது அரை வீடாக இருந்தாலும், மற்ற அரை இல்லாமல் எங்கள் அரையில் குடியிருக்க முடியவில்லை என்பது அந்த வாரம்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு, மாலை ஆறரை. பாயை விரித்தோம். அன்று என் முறை. அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்காகவும் ஜெபிக்கத் தோன்றவில்லை. வாய்க்குள்ளேயே தொடங்கினேன். இரண்டு வாக்கியம் போயிருக்கும், சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

"சார்."

அண்ணன். சாமியிடம் சொல்லவில்லை. நேராக என்னிடம். எட்டு வருடத்தில் சட்டத்தை மீறி அந்தச் சுவர் வழியாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், ஒண்ணும் கேக்கல. மாப்ள வீட்டுல இன்னைக்கு ஆறு மணிக்கு மேல முடிவு சொல்றேன்னுருக்காங்க. இன்னும் போன் வரல. நாங்க எல்லாரும் இங்கனதான், சொவத்துக்கிட்டதான் உக்காந்திருக்கோம்."

"அண்ணே, அன்னைக்கு நான்..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார். அன்னைக்கு அந்தப் பையன் சிரிச்ச சிரிப்பிருக்கே... விடுங்க. நீங்க ஆரம்பிங்க."

பிறகு அந்த மெதுவான குரல் வந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இந்த ஒரு வாரத்தில் அவளுக்கு என்ன நடந்திருக்கிறது என்பதும் எங்களுக்கு அதில் தெரிந்துபோயிற்று.

"சார்... அவரு முடியப் பத்தி மட்டும் இந்தத் தடவ ஒண்ணும் சொல்லிராதீங்க. எனக்கு அது ஒண்ணும் பெருசில்ல."

மனைவி என் முழங்கையை இறுகப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் பிரேயருக்குப் பேசுகிற குரலில், "அன்பின் பரலோகத் தகப்பனே" என்று தொடங்கினேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. மன்னிப்பே ஒரு பக்கத்துக்கு வைத்திருந்தேன். அவளைப் பற்றி, அண்ணனைப் பற்றி, மதினியைப் பற்றி வரிசையாக வைத்திருந்தேன். முதல் வாக்கியம் முடியுமுன் அந்தப் பக்கம் போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. ஜெபத்தின் நடுவில் எழக்கூடாது என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பது எனக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது. மணி நின்றுவிடப்போகிறதே! மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை கேட்டதைக் கொடுத்துவிடும், ஆமென்!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஜெபங்களில் அவ்வளவு சின்னது வேறு கிடையாது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் போனை எடுத்தார்கள். அண்ணன் "ம்... ம்..." என்றார். மூன்றாவது "ம்" சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. "ஆத்தா, மாப்ள ஒங்கிட்டப் பேசணுங்குறாரு, இந்தா" என்றார். அவள் போனை வாங்கி, சுவரை விட்டு எழுந்து, வீட்டின் அந்தக் கோடிக்குப் போய்ப் பேசினாள். நானும் என் மனைவியும் எவ்வளவு முயன்றும் ஒரு வார்த்தைகூட எங்களுக்குக் கேட்கவில்லை.